குழாயடியிற் கற்கவேண்டிய கல்வி

கையைக் கட்டிப்போட்டுவிட்டு மூளையை மட்டும் வளர்க்கப் பார்க்கிறது இன்றைய பள்ளிக் கல்வி. நீரழுத்தம் பற்றி மூன்று பக்கம் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவன், மேல்மாடிக் குழாயில் நீர் நூலாய் இழிவதும் கீழ்த்தளத்திற் பீறிட்டுப் பாய்வதும் ஏன் என்று கேட்டால் விழிக்கிறான். பெரிய தொட்டி வைத்தால் நீர் விரைந்து வரும் என்கிறார் அவன் தந்தை, அவரும் படித்தவரே! அழுத்தம் தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று, நீர்மட்டத்தின் உயரத்தையே பொறுத்தது என்னும் உண்மை, இரு தலைமுறையாக அவ்வீட்டு ஏட்டில் உறங்குகிறது. குழாய்க்கு வந்து சேரவில்லை.

வந்து சேர வழியுண்டு. வீட்டுக் குழாய்ப் பணியையே பாடமாக்குவதுதான் அவ்வழி.

ஒழுகும் குழாயின் கீழ் மாணவர் ஓர் அளவுகுவளையை வைக்கட்டும். நொடிக்கொரு சொட்டு வீழ்ந்தால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொள்ளின், நாளுக்கு 4.32 இலிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,577 இலிட்டர். பெருக்கலும் வகுத்தலும் அங்கே உயிர்பெறுகின்றன. உள்விட்டம் இருமடங்கானால் குழாயின் வாய்ப்பரப்பு நான்மடங்காகும் என்பதை, இரு குழாய்களைக் கையிலேந்தி அளந்த பிள்ளை ஒருநாளும் மறவாது. 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் நீர், காற்றுமண்டிலத்தின் அழுத்தத்திற்கு ஏறத்தாழ ஈடான அழுத்தத்தைத் தருமென்பது மாடிப்படியிலேயே விளங்கும். இரும்புக் குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு எதற்கு? குழாய் வாயிற் படிந்த வெண்காரை எலுமிச்சைச் சாறு பட்டதும் ஏன் நுரைக்கிறது? கைகழுவு தொட்டியின் அடியில் குழாய் வளைந்து, வளைவில் நீர் தேங்கி நிற்பது ஏன்? சாக்கடை வளி வீட்டுக்குள் ஏறாமல் அந்நீரே காக்கிறது என அறியும்போது வேதியியலும் நலவியலும் ஒருங்கே கைவருகின்றன.

வரலாறும் உண்டு. குழாய்ப் பணியாளனை ஆங்கிலேயன் அழைக்கும் 'பிளம்பர்' என்னும் பெயர், ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உரோமர் ஈயத்தாற் குழாய் செய்தனர். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர், கீழடியில் 2019-ஆம் ஆண்டு அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் குழாய்களையும் சொல்லட்டும். புதுக்கோட்டைப் பகுதிக் கண்மாய்களில் நிற்கும் குமிழித்தூம்பைக் காட்டட்டும். மேல்துளையால் நீரும் அடித்துளையால் சேறும் வெளியேற, அடைப்புக்கல்லை ஏற்றி இறக்கிப் பாய்ச்சலை அடக்கிய பொறியமைப்பு அது. தூம்பு, மடை, மதகு என்று பெயரிட்டவன் படிக்காதவனா?

"இது குலக்கல்வியின் மறுபிறப்பு அன்றோ?" என்று கேட்பார் உளர். கேட்கவேண்டிய கேள்விதான். 1953-இல் இராசாசி கொணர்ந்த திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் தந்தையின் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியாரும் பிறரும் கொதித்தெழுந்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதே நயன்மை. ஆனால் அங்கே இருந்த நஞ்சு தொழிலன்று. பிறப்பால் தொழிலைப் பூட்டியதே நஞ்சு. அதற்கு முன்பே, 1937-இல் வார்தாவில், கைத்தொழில் வழியே எல்லாப் பாடமும் கற்பிக்கலாம் என்றார் காந்தியடிகள். பொருளை விற்றுப் பள்ளியை நடத்தலாம் என்ற அவரது கணக்கு ஏற்கத்தக்கதன்று. பிள்ளை கூலியாளன் அல்லன். எனினும் கையும் கருத்தும் கூடியே அறிவு விளையும் என்பது மறுக்கவொண்ணாதது.

இங்கே கேட்கப்படுவது குலக்கல்விக்கு நேர்மாறானது. பள்ளி நேரம் குறையாது. எந்தப் பிள்ளையும் தந்தையின் தொழிலுக்குத் துரத்தப்படாது. மருத்துவர் மகனும் உழவர் மகளும் ஒரே பணிமேசையில் ஒரே திருகியைப் பிடிப்பர். உரிய காப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், நச்சுவளியால் உயிர்கள் போவது நின்றபாடில்லை. ஏன்? அப்பணி 'யாரோ' செய்வது என்னும் எண்ணம் படித்தவன் நெஞ்சிலேயே படிந்து கிடக்கிறது. தன் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது, அங்கே என்ன வளி உண்டாகிறது என்று வகுப்பிற் கற்ற பிள்ளை, வளர்ந்தபின் ஒருவனை அதற்குள் இறங்கச் சொல்லுமா?

இக்கல்வி அயன்மொழியில் நடவாது. குழாய்ப் பணியாளரின் பட்டறிவு தமிழில் இருக்கிறது; பள்ளியின் நூலறிவோ நாளுக்கு நாள் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. இரண்டுக்கும் இடையே சுவரெழுப்பியவர்கள், பிள்ளைக்குப் பட்டறிவு இல்லையே என அழுவது பொய்யழுகை. 'எல்போ' என்பதை முழங்கையிணைப்பு என்றால், பெயரே வடிவத்தைக் காட்டிவிடும். பொருள் விளங்கும் சொல்லே பாதிப் பாடம்.

கிழமைக்கு இரண்டு பாடவேளை, பள்ளிக்கொரு பணிமேசை, ஊரிலுள்ள குழாய்ப் பணியாளர்க்கு ஆசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும்: இவற்றைப் பெற்றோர் ஒவ்வொரு பள்ளியிலும் எழுந்து நின்று கேட்கட்டும். கரும்பலகைக்கு முன்னே அப்பணியாளர் நிற்க, மாணவர் எழுந்து வணங்கும் நாளில்தான் தமிழ்நாட்டுக் கல்வி தலைநிமிரும்.