பின்வரிசையில் நிற்பவர்கள்

சிம்பொனி இசைக்குழுவின் தாளக் கலைஞர்கள் பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரிய அநியாயம். இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ‘புதிய உலகு’ சிம்பொனி 1893இல் நியூயார்க்கில் அரங்கேறியது. சுமார் 40 நிமிடம் நீளும் அந்தப் படைப்பில் சிம்பலுக்கு ஒரே ஒரு அடிதான். அதுவும் கடைசிப் பகுதியில், மென்மையாக. அந்த ஓர் அடிக்காக ஒருவர் தாளக்கட்டுகளை எண்ணியபடி காத்திருக்கிறார். வயலின் வரிசையில் ஒருவர் சறுக்கினால் பக்கத்தில் இருப்பவர்களின் ஒலி அதை மறைத்துவிடும். இவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ராவெலின் ‘பொலேரோ’ இதற்கு நேர்மாறான சோதனை. 1928இல் பாரிஸில் அரங்கேறிய அந்தப் படைப்பில், ஸ்னேர் டிரம் வாசிப்பவர் ஒரே தாளக்கோவையைக் கால் மணி நேரம் விடாமல் வாசிக்க வேண்டும். காதில் விழுமோ விழாதோ என்று தொடங்கி முழக்கமாக வளர வேண்டும். வேகமோ இம்மியும் கூடக் கூடாது. கைவலுவைவிட மனநிதானத்தைக் கேட்கும் வேலை இது.

டிம்பனி என்னும் பெரிய முரசை வாசிப்பவரின் பாடு தனி. சுற்றிலும் இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, தோலருகே காதைச் சாய்த்து, மிதியை அழுத்தி, அடுத்த சுரத்துக்குச் சுருதி மாற்றுகிறார்.

காது மட்டுமே வழி என்பதும் இல்லை. ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனி சிறுவயதிலேயே செவித்திறனைப் பெருமளவு இழந்தவர். வெறுங்காலோடு மேடையேறி, அதிர்வை உடம்பால் உணர்ந்து வாசிப்பவர். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் வாசித்தார்.

அடுத்த முறை ‘பொலேரோ’வைக் கேட்கும்போது மெட்டை விட்டுவிடுங்கள்; அந்தச் சிறு டிரம்மை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள்.