மவுசு குறையும் ஹார்லி: பொறுப்பு யாருடையது?

வரி குறைந்தால் விற்பனை பெருகும் என்பது வியாபாரத்தின் பாலபாடம். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அந்தப் பாடம் பலிக்கவில்லை. முழு வண்டியாக இறக்குமதியாகும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு 75 சதவீதமாக இருந்த சுங்கத் தீர்வையை இந்திய அரசு 2018-ல் 50 சதவீதமாகக் குறைத்தது. ஆனால், இரண்டே ஆண்டுகளில் ஹார்லி கம்பெனி அரியானாவின் பாவல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய நிதியாண்டில் இந்தியா முழுவதிலும் அது விற்ற வண்டிகள் 2,500-க்கும் குறைவு.

தீர்வையைக் காரணம் காட்டிப் பேசியவர்கள் இப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் மட்டுமல்ல, சொந்த நாட்டிலேயே ஹார்லியின் மவுசு குறைந்துவிட்டது. 2006-ல் உலகெங்கும் சுமார் 3 லட்சத்து 49 ஆயிரம் வண்டிகளை டீலர்களுக்கு அனுப்பிய கம்பெனி, 2024-ல் சுமார் ஒன்றரை லட்சம் வண்டிகளையே அனுப்பியது. இருபது, முப்பது ஆண்டுகளாக ஹார்லியைத் தவிர வேறு வண்டியில் காலை வைக்காத அபிமானிகள்கூட, புதிய மாடல் வெளிவந்தால் முன்போல் கடை வாசலில் கூடுவதில்லை.

பழைய பிணைப்பு

1903-ல் மில்வாக்கி நகரில் தோன்றிய இக் கம்பெனி, விற்பனைச் சரிவை இதற்கு முன்பும் கண்டிருக்கிறது. 1969-ல் அது ஏ.எம்.எப். என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. உற்பத்தி பெருகியது, தரம் குறைந்தது. எண்ணெய் ஒழுகும் வண்டி என்ற கெட்ட பெயரும் வந்தது. அதே சமயத்தில் ஜப்பான் வண்டிகள் சந்தையைப் பிடித்தன. 1981-ல் கம்பெனியின் நிர்வாகிகள் 13 பேர் கடன் வாங்கி அதைத் திரும்ப வாங்கினர். 1983-ல் ஜனாதிபதி ரீகன் அரசு, 700 சி.சி.க்கு மேற்பட்ட வெளிநாட்டு வண்டிகளின் மீது கூடுதலாக 45 சதவீதத் தீர்வை விதித்தது. ஐந்தாண்டுப் பாதுகாப்பு முடியும் முன்பே, 1987-ல், 'இனி வேண்டாம்' என்று கம்பெனியே கூறிவிட்டது.

அந்த மீட்சிக்குத் தீர்வை மட்டுமே காரணமல்ல. தரத்தைச் சரி செய்ததோடு, வண்டி வைத்திருப்போரைச் சங்கமாகத் திரட்டியதும் கைகொடுத்தது. வாடிக்கையாளர் கேட்டது வேகத்தை அல்ல. பழகிய ஒலியையும் பழகிய உருவத்தையுமே. ஹார்லி எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் அமைந்தவை. இரு பிஸ்டன்களும் கிராங்கின் ஒரே முனையில் இணைந்திருப்பதால் வெடிப்பு சம இடைவெளியில் நிகழாது; ஒலி தடுக்கித் தடுக்கி வரும். அந்த ஒலியையே வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்யக் கோரி 1994-ல் விண்ணப்பித்த கம்பெனி, 2000-ல் அதை வாபஸ் பெற்றது.

மாறிய எஞ்சின், ஏறிய விலை

இன்றைய மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. 1957 முதல் விற்பனையில் இருந்த 'ஸ்போர்ட்ஸ்டர்' வரிசையின் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் 2022-உடன் விடைபெற்றது. ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாடு விதிகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அதன் பெயரைத் தாங்கி வந்த புதிய வண்டியில் இருப்பது தண்ணீரால் குளிரும் எஞ்சின். சிலிண்டர்களின் கோணம் 60 டிகிரி. சக்தி அதிகம், வேகமும் அதிகம். ஆனால், பழைய அபிமானிக்கு அது பெயரளவில்தான் ஸ்போர்ட்ஸ்டர்.

எஞ்சினை மாற்றியதற்குச் சட்டத்தின் நிர்ப்பந்தம் என்று சமாதானம் சொல்லலாம். விலைக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2014-ல் அமெரிக்காவில் 'ஸ்ட்ரீட் 750' வந்தபோது விலை 7,499 டாலர். 2022-ல் ஸ்போர்ட்ஸ்டர் குடும்பத்தின் சிறிய வண்டியாக வந்த 'நைட்ஸ்டர்' 13,499 டாலர். 2019-ல் வந்த மின்சார வண்டி 29,799 டாலர். உயர்ந்த ரகங்கள் 40,000 டாலரையும் தாண்டிவிட்டன. லாபம் தரும் பெரிய வண்டிகளைக் கவனிப்பதே 2021-ல் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டுத் திட்டத்தின் சாரம்.

விளைவு என்ன? 1946-க்கும் 1964-க்கும் இடையே பிறந்து ஹார்லியை வாழ வைத்த தலைமுறை, முதுமையினால் கனத்த வண்டிகளை விட்டு இறங்குகிறது. அந்த இடத்துக்கு வர வேண்டிய இளம் தொழிலாளிக்கு விலை எட்டவில்லை. மேல்படியை அலங்கரித்த கம்பெனி, முதல் படியைப் பெயர்த்துவிட்டது. தவறு அதற்கே புரிந்திருக்கிறது: 6,000 டாலருக்குள் சிறிய வண்டி ஒன்று வரும் என 2025-ல் அறிவித்தது. அதே ஆண்டு தலைமை நிர்வாகியும் மாறினார்.

இந்தியாவில் நடந்தது

பாவலில் தயாரான ஸ்ட்ரீட் 750, 2014-ல் டில்லி விலையாக 4 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க்கு வந்தது. ஹார்லியின் பெயரைப் பார்த்து வாங்க வந்தவர்கள், அதன் வேலைப்பாட்டில் அந்தப் பெயருக்குரிய நேர்த்தி இல்லை என்றனர். 2020-க்குப் பின் ஹீரோ நிறுவனத்துடன் கூட்டு ஏற்பட்டது. ராஜஸ்தானின் நீம்ரானாவில் தயாராகும் 'எக்ஸ் 440' 2023 ஜூலையில் 2 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய்க்கு வந்தபோது, 25,000-க்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்தனர். எட்டும் விலையில் வந்தால் ஆசைப்பட ஆள் உண்டு என்பதை இது காட்டியது. ஆனால், இதில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர். பழைய அபிமானி இதையும் ஹார்லியாக ஏற்கத் தயங்குகிறார். 2025 செப்டம்பரில் 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதமாக உயர்ந்தது மற்றொரு சுமை.

சென்னை தரும் பாடம்

இதே சோதனை சென்னையின் புல்லட்டுக்கும் வந்தது. 1955-ல் அங்கு தொடங்கிய என்பீல்டு இந்தியாவின் வண்டியில், புகை விதிகளின் காரணமாக வார்ப்பிரும்பு எஞ்சின் போனது. வலது காலில் இருந்த கியர் இடது காலுக்கு மாறியது. 'இது நம் புல்லட் அல்ல' என்று பழைய ஓட்டிகள் முணுமுணுத்தனர். ஆனால் உருவம் மாறவில்லை, 350 சி.சி. வண்டி மாதச் சம்பளக்காரர் தவணை கட்டி வாங்கும் எல்லையை விட்டுப் போகவுமில்லை. முணுமுணுத்தவர்களின் மக்களும் அதையே வாங்கினர். 2024-25 நிதியாண்டில் ராயல் என்பீல்டின் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது.

எஞ்சினை மாற்றியதை மன்னிக்கும் வாடிக்கையாளர், தம்மை ஒதுக்கியதை மன்னிப்பதில்லை என்பதே இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசம்.

தலையில் விழுவது யாருக்கு?

ஆர்வம் குன்றிய அபிமானிக்குப் பெரிய நஷ்டமில்லை. பழைய வண்டியைத் துடைத்து வைத்துக் கொள்வார். நஷ்டம் வேறு இடத்தில் விழுகிறது. 2019-ல் மூடப்பட்ட கன்சாஸ் சிட்டி ஆலையில் சுமார் 800 பேருக்கு வேலை போனது. பாவலில் எண்ணிக்கை சிறிது, வேதனை சிறிதல்ல. சில மாடல்களின் உற்பத்தியைத் தாய்லாந்துக்கு மாற்றப் போவதாக 2024-ல் கம்பெனி கூறியபோது, அமெரிக்கத் தொழிலாளர் சங்கம் கண்டித்தது.

இந்த மாடல் வேண்டும், இந்த விலை வேண்டும் என்று தீர்மானித்தது எந்தத் தொழிலாளியும் அல்ல. பழைய வாடிக்கையாளரின் முணுமுணுப்பு ஒரு கம்பெனிக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அதை நிர்வாகம் செவிமடுக்கத் தவறினால், அடுத்த எச்சரிக்கை ஆலைக் கதவில் ஒட்டும் நோட்டீசாகத்தான் வருகிறது. அதைப் படிக்க நேர்வதோ காலை ஷிப்டுக்கு வரும் தொழிலாளிக்கு.