மைக்கு அடியில்

அமெரிக்க சர்க்கார் வக்கீல்களில் சிலருக்கு ஒரு விசித்திரமான உத்தியோகம் உண்டு. கேட்பவர்களுக்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் எதைக் கொடுக்கலாம், எதை மறைக்கலாம் என்று நிர்ணயிப்பதே அது. ஜனாதிபதி ஜான்ஸன் 1966-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அந்நாட்டின் சுதந்திரத் திருநாளன்று, தகவல் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். (விழா ஏதுமின்றி, அவ்வளவு மனமில்லாமலேதான்!) அதன்படி யாரும் காரணம் கூறாமலே கேட்கலாம், 20 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறைப்பதற்கு 9 விலக்குகள் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு வரிதான் விலக்கில் அடங்குமானால், அந்த வரிக்கு மட்டுமே கறுப்பு மை. மற்றவற்றைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

மைக்கு அடியில் இருப்பதை வக்கீல் அறிவார், கேட்டவர் அறியார். வழக்கு என்று வந்தால் அவர் எதை மறுத்து வாதிப்பது? வான் என்ற சட்டப் பேராசிரியர் தொடுத்த வழக்கில், 1973-ல், வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு இதற்கு வழி கண்டது. மறைத்த ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, இன்ன விலக்கு, இன்ன காரணம் என்று சர்க்காரே எழுதித் தர வேண்டும் என்றது. "விடை எனக்குத் தெரியும்" என்று மட்டும் எழுதிய பையனுக்கு எந்த உபாத்தியாயர் மார்க்குக் கொடுப்பார்?

அப்பட்டியலுக்கு இன்றும் 'வான் அட்டவணை' என்றே பெயர். அதைத் தயாரிக்க உட்காரும் வக்கீல், கோர்ட்டுக்குப் போகுமுன் தம் இலாகா அதிகாரியையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. "வெளியே தெரிந்தால் நமக்குச் சங்கடம்" என்ற பதில், அந்த 9 விலக்குகளில் எதிலும் அடங்குவதில்லை.