கடலுக்கு அடியில் 6 கோடி கூடுகள்!

தென் துருவத்தில், உறைந்த கடலுக்கு அடியில், ஒரு மீன் நகரம் இருக்கிறது.

அங்கே 6 கோடி கூடுகள் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டு இருக்கிறார்கள். கூடு என்றால் பறவைக் கூடு அல்ல. மீன் தோண்டிய கூடு!

இந்த நகரத்துக்குள் மனிதர் யாரும் இறங்கிப் பார்த்தது இல்லை. பார்த்து வந்தது ஒரு காமிரா.

இந்தக் கூடுகள் இருக்கும் கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கலாமா, வேண்டாமா? பல நாடுகள் கூடிப் பேசுகின்றன. ஆண்டுகள் ஓடுகின்றன. முடிவுதான் வரவில்லை.

கண்டுபிடித்தது எப்படி?

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். "போலார்ஸ்டெர்ன்" என்ற ஜெர்மன் ஆராய்ச்சிக் கப்பல், பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வெடல் கடலில் சென்றது. வெடல் கடல், அண்டார்டிகாவை ஒட்டி உள்ள கடல்.

கப்பலில் இருந்து ஒரு கருவியை நீண்ட கம்பி வடத்தில் கட்டி இறக்கினார்கள். எடை சுமார் ஒரு டன். அதில் காமிரா உண்டு, விளக்கு உண்டு. கப்பல் மெல்ல நகரும்போது, கருவியும் கடல் தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் நகர்ந்துகொண்டே படம் எடுக்கும்.

விளக்கு எதற்கு? அந்த ஆழத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. எப்போதும் கும்மிருட்டு. விளக்கு இல்லாமல் எதுவும் தெரியாது.

படங்களில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை அடி அகலம், அரை அடி ஆழம். பள்ளத்தில் முட்டைகள். முட்டைகளுக்குக் காவலாக ஒரு மீன்!

அதுவரை இந்த மீனின் கூடுகள் சில பத்து சேர்ந்து இருந்ததைத்தான் கண்டிருந்தார்கள். இங்கே கப்பல் போகப் போகக் கூடுகள் வந்துகொண்டே இருந்தன. படங்களில் பதிவானவை மட்டும் 16,160 கூடுகள். ஆட்டன் பர்சர் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2022-ம் ஆண்டு ஜனவரியில் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

6 கோடி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இது எளிய கணக்குதான். கூடுகள் பரவி உள்ள இடம் சுமார் 240 சதுர கிலோமீட்டர். அதாவது 24 கோடி சதுர மீட்டர். படங்களை எண்ணிப் பார்த்ததில், சுமார் 4 சதுர மீட்டருக்கு ஒரு கூடு இருந்தது. 24 கோடியை 4-ஆல் வகுத்தால் 6 கோடி.

ஆகவே இது ஒவ்வொன்றாக எண்ணிய எண்ணிக்கை அல்ல. ஒரு பிடி சோற்றைப் பார்த்துப் பானைச் சோற்றை மதிப்பிடுவது போன்ற மதிப்பீடு.

ரத்தம் சிவப்பு இல்லை

இந்த மீனுக்குப் "பனி மீன்" என்று பெயர். இதன் ரத்தத்தில் சிவப்பு நிறம் கிடையாது. நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தந்து, பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் இந்த மீனிடம் இல்லை.

பிறகு எப்படி உயிர் வாழ்கிறது? குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகமாகக் கரையும். இந்த மீனின் ரத்தத்தில் அது நேராகக் கரைந்து உடம்பெங்கும் போகிறது.

ஒரு கூட்டில் சராசரியாக 1,735 முட்டைகள். நான்கு கூடுகளுக்கு மூன்று வீதம் ஒரு மீன் காவல் இருந்தது. சுற்றி உள்ள நீரைவிட இங்கே நீரின் வெப்பம் சுமார் 2 டிகிரி கூடுதல். அதனால்தான் மீன்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

கூடுகள் நிறைந்த இந்த இடத்துக்கு வெடல் சீல் என்னும் கடல் நாய்களும் தேடி வந்து முக்குளிக்கின்றன. இத்தனை மீன் இருந்தால் வராமல் இருக்குமா?

வலை வீசினால் ஆகாதா?

ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அறிய, முன்பெல்லாம் வலையைத்தான் இழுத்தார்கள். வலையில் மீன் வரும். ஆனால் மீன் செத்துப்போகும். கூடு கலைந்துபோகும். எந்த மீன் எந்த இடத்தில் என்ன செய்துகொண்டு இருந்தது என்பதும் தெரியாது.

காமிரா எதையும் தொடுவது இல்லை. பார்த்துவிட்டு வந்துவிடும். அடுத்த முறை அதே இடத்துக்குப் போய் மீண்டும் பார்க்கலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால், என்ன மாறியது என்பது தெரிந்துவிடும்.

வட துருவத்தில் இப்படித்தான் ஒரு கெட்ட செய்தி தெரிந்தது. கிரீன்லாந்துக்குக் கிழக்கே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஜெர்மன் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கடல் தரையைப் படம் எடுத்து வருகிறார்கள். 2002-ம் ஆண்டுப் படங்களில் 100-க்கு சுமார் ஒரு படத்தில் குப்பை இருந்தது. 2011-ம் ஆண்டில் அது இரண்டாகிவிட்டது. பெரும்பாலும் பிளாஸ்டிக்! மனிதர் வாழாத இடத்திலும் மனிதர் எறிந்த குப்பை!

நாலு ஆண்டும், முந்நூறு ஆண்டும்

அண்டார்டிகாவில் "லார்சன் ஏ" என்ற பெரும் பனித்தட்டு 1995-ம் ஆண்டு நொறுங்கியது. அதன் அடியில் இருந்த கடல் தரையை 2007-லும் 2011-லும் ஆராய்ந்தார்கள். இடையில் நான்கே ஆண்டுகள். அதற்குள் அங்கே கண்ணாடிப் பஞ்சுயிர்களின் எண்ணிக்கை மூன்று மடங்கு ஆகி இருந்தது. பனி விலகியதும் வெளிச்சம் வந்தது, உணவு வந்தது, உயிர்கள் பெருகின.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி அல்ல. வட துருவத்தில், கடலுக்குள் இருக்கும் ஒரு மலை உச்சியில், பஞ்சுயிர்த் தோட்டம் ஒன்றை 2016-ம் ஆண்டு காமிரா கண்டது. அங்கே உள்ள பஞ்சுயிர்களின் வயது சராசரியாக 300 ஆண்டு! அதை ஒரு நாளில் அழித்துவிட்டால், மீண்டும் வளர எத்தனை தலைமுறை ஆகும்?

2025-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, அண்டார்டிகாவின் ஆறாம் ஜார்ஜ் பனித்தட்டில் இருந்து 510 சதுர கிலோமீட்டர் அளவுள்ள பனிப்பாறை உடைந்து நகர்ந்தது. அருகில் இருந்த "பால்கர் டூ" என்ற ஆராய்ச்சிக் கப்பல் 12 நாளில் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆள் இல்லாமல் இயங்கும் நீர்மூழ்கி 1,300 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. பவளம், பஞ்சுயிர், பனி மீன், பெரிய கடல் சிலந்தி, ஆக்டோபஸ் எல்லாம் அங்கே வாழ்ந்துகொண்டு இருந்தன.

காமிராவுக்கும் குறை உண்டு

சேற்றுக்குள் புதைந்து வாழும் உயிர் படத்தில் தெரியாது. சில உயிர்களைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் இன்ன வகை என்று சொல்ல முடியும். ஒரு பயணத்தில் பார்ப்பது பெருங்கடலில் ஒரு கோடு அளவுதான். ஆயிரக்கணக்கில் சேரும் படங்களைப் பார்த்து முடிப்பதும் பெரிய வேலை. அதற்கு இப்போது கம்ப்யூட்டர் உதவுகிறது.

முடிவு யார் கையில்?

அண்டார்டிகாவைச் சுற்றி உள்ள கடல் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தம் அல்ல. அங்கே உள்ள உயிர்களைக் காப்பதற்கு 1982-ம் ஆண்டு முதல் ஒரு சர்வதேச ஆணையம் இயங்குகிறது. இதன் அலுவலகம் ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் நகரில் இருக்கிறது. இந்தியாவும் இதில் ஓர் உறுப்பினர்.

2016-ம் ஆண்டு இந்த ஆணையம் ராஸ் கடலில் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதியைப் பாதுகாப்புப் பகுதி ஆக்கியது. அதே ஆண்டு, வெடல் கடலையும் அப்படி அறிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் யோசனை கூறியது. 2021-ம் ஆண்டு இந்தியாவும் அதை ஆதரித்தது.

ரஷியாவும் சீனாவும் இணங்கவில்லை. "இன்னும் ஆராய்ச்சி தேவை. மீன் பிடிக்கும் உரிமையும் பாதிக்கப்படக் கூடாது" என்பது எதிர்ப்பவர்கள் வாதம்.

கடல் தரையை வாரும் இழுவலைக்கு அங்கே பெரும்பாலான பகுதிகளில் ஏற்கனவே தடை இருக்கிறதே, பிறகு அவசரம் என்ன என்று சிலர் கேட்கலாம். இத்தனை காலம் வெடல் கடலுக்குக் காவல் இருந்தது பனிக்கட்டி. கப்பல்கள் எளிதில் நுழைய முடியவில்லை. ஆனால் 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் அண்டார்டிகாவின் கடல் பனி, செயற்கைக் கோள்கள் அளக்கத் தொடங்கியது முதல் அதுவரை கண்டிராத அளவுக்குக் குறைந்தது. காவல் தளர்ந்தால் கதவைப் பூட்ட வேண்டாமா?

ஆராய்ச்சி தேவை என்பது நியாயம்தான். ஆனால் 2016-ம் ஆண்டு யோசனை வந்தபோது, இந்த 6 கோடி கூடுகளைப் பற்றி யாருக்குமே தெரியாது. பிறகு படங்கள் வந்தன. கணக்கு வந்தது. முடிவு மட்டும் வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஹோபார்ட்டில் உறுப்பினர்கள் கூடுகிறார்கள். அங்கே பெரும்பான்மை போதாது. எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாடு "வேண்டாம்" என்று சொன்னாலும் யோசனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும்!