பார்த்த சீட்டும் பார்க்காத சீட்டும்

1963 மே மாதம், செகந்தராபாத்தில் ஒரு கிளப்புக்குள் போலீஸ் நுழைந்தது. உள்ளே சிலர் பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்று சீட்டு ஆட்டம்போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும். எனவே இது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-ல் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

விழுந்த சீட்டை நினைவில் வைத்தால் அப்படி என்ன லாபம்?

பொங்கல் விடுமுறையில் அத்தையும் மருமகனும் ஒரே கட்டை வைத்து ரம்மி ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்தயம், புளியங்கொட்டை. ஜோக்கர் கிடையாது. ஆளுக்கு 13 சீட்டு. நடுவில் ஒரு சீட்டு திறந்து கிடக்கிறது. 52-ல் தன் 13-ஐயும் அந்த ஒன்றையும் கழித்தால், ஒவ்வொருவரும் பார்க்காத சீட்டு 38.

மருமகன் கையில் ஆட்டின் 6, 8. நடுவில் 7 வேண்டும். அடுத்து எடுக்கும் சீட்டு அதுவாக இருக்க 38-ல் 1 வாய்ப்பு. அத்தை கையில் ஸ்பேட் 9, 10. அவருக்கு 8 வந்தாலும் சரி, ஜாக்கி வந்தாலும் சரி. 38-ல் 2. ஆரம்பத்திலேயே இரு மடங்கு.

ஐந்து சுற்று முடிகிறது. இருவரும் கட்டிலிருந்தே எடுத்தார்கள். மருமகன் எடுத்த 5, அத்தை இறக்கிய 5 என்று இன்னும் 10 சீட்டு கண்ணில் பட்டுவிட்டது. பார்க்காதது 28.

“அஞ்சு சுத்தா வரலை அத்தை, இனிமே வந்துதானே ஆகணும்!”

இதில் பாதிதான் உண்மை. தாயக்கட்டைக்கு நினைவு கிடையாது, சீட்டுக்கட்டு அப்படியல்ல. போன சீட்டு திரும்ப வராது, அதனால் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் 38-ல் 1 என்பது 28-ல் 1 ஆகியிருக்கிறது. சதவீதத்தில் சொன்னால் 2.6 இப்போது 3.6. அவ்வளவுதான்.

மருமகன் மறந்த விஷயம் வேறொன்று. அந்த 28-ல் கட்டில் இருப்பது 15தான். மீதி 13 அத்தை கையில். ஆட்டின் 7 அங்கே மாட்டியிருக்க 46 சதவீத வாய்ப்பு. அத்தை அதைப் பிடித்துக்கொண்டால், கட்டில் எத்தனை முறை கை வைத்தாலும் வராது. அத்தைக்கும் இதே கணக்குதான். ஆனால் 8, ஜாக்கி இரண்டுமே மருமகனிடம் மாட்டியிருக்க வேண்டும். 28-ல் 13 என்பதை 27-ல் 12-ஆல் பெருக்கினால் சுமார் 21 சதவீதம்.

எதிராளி இறக்கும் சீட்டும் பேசும். அத்தை கிளாவர் 7-ஐயும் டைமண்ட் 7-ஐயும் இறக்கியிருந்தால், அவர் ஏழுகளைச் சேர்க்கவில்லை. ஆட்டின் 7 அவரிடம் இருந்தாலும், வரிசையில் சேராவிட்டால் கீழே விழலாம். காத்திருக்கலாம். அதுவே அந்த ஆட்டின் 7 ஏற்கெனவே கீழே விழுந்து மற்ற சீட்டுகளுக்கு அடியில் போயிருந்தால் வாய்ப்பு பூஜ்யம். அதைக் கவனிக்காதவர் வராத சீட்டுக்காக ஆட்டம் முடியும் வரை கையை வீணடிப்பார்.

இத்தனை கணக்கும் ஒரு ஆட்டத்துக்குள்தான் செல்லும். சீட்டைச் சேர்த்துக் கலைத்த நொடியில் கட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். இதுவரை தோற்ற பத்து ஆட்டம் அடுத்த ஆட்டத்தில் ஒரு சீட்டைக்கூடக் கொண்டுவராது. “இவ்வளவு போச்சு, அடுத்ததில் மீட்டுடலாம்” என்று செல்போனில் மேலும் மேலும் பணம் கட்டியவர்களின் கணக்கு தவறியது இந்த இடத்தில்தான். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

மருமகன் தோற்றுவிட்டான். “இன்னும் ஒரு ஆட்டம் அத்தை. இந்தத் தடவை கண்டிப்பா எனக்குத்தான்.”

“யார் சொன்னா? சீட்டா?” என்றபடி அத்தை கட்டைக் கலைக்கிறார். புளியங்கொட்டைதானே, ஆடலாம்.