சுவரில் ஒரு திணைமயக்கம்

புதுமனை புகுவோரை வாழ்த்த வருகிறவர்கள் பலவற்றையும் விசாரிக்கிறார்கள். கூடத்துச் சுவரில் யாருடைய படம் மாட்டப்படப் போகிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குச் சில ஆண்டுகளின் மனத்தாங்கல் மிச்சமாகியிருக்கும்.

எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்ப்பவர். கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் கூடம் 20 அடி நீளம், 12 அடி அகலம். கதவும் சன்னலும் இல்லாத முழுச்சுவர் ஒன்றே ஒன்று. பூசல் அந்தச் சுவரைப் பற்றியதுதான்.

வங்கியில் பணிபுரிபவர் கொண்டுவந்தது, சிவகாசியில் அச்சான பழைய முருகன் படம். கோவில்பட்டிக் கொண்டையராஜு மரபில் வரையப்பட்டது. அம்மா மறைந்து ஊரிலிருந்த வீடும் விலைபோனபோது அங்கிருந்து எடுத்துவந்த பொருள் அது ஒன்றே. வள்ளி தெய்வானையின் சேலைகளில் அம்மாவே சரிகையும் ஜிகினாவும் ஒட்டிச் சட்டமிட்டிருந்தார். தமிழ் கற்பிப்பவர் கொண்டுவந்தது, சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாங்கிய கறுப்பு மைக் கோட்டோவியம். சுற்றிலும் வெற்றிடம் இருந்தால்தான் கோடு பேசும் என்பது அவர் கட்சி. ஜிகினா கண்ணை உறுத்துகிறது என்றார். பூசை அலமாரியில் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். அலமாரியில் படம் நுழையவில்லை, பரணுக்குப் போயிற்று.

பின்னர் சமரசம் என்ற பெயரில் இன்னொன்றும் செய்தோம். உள்ளலங்காரம் செய்பவர் ஒருவரை அழைத்து, இருவருக்கும் பொதுவாக ஏதேனும் செய்யுங்கள் என்றோம். கோட்டோவியமும் இறங்கியது. சுவருக்கு மங்கிய பழுப்பு வண்ணம், மேலே ஃபால்ஸ் சீலிங், மூலையில் ஃபைபரில் வார்த்த புத்தர் தலை. வந்தவர்கள் பாராட்டினார்கள். எங்கள் இருவருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை இல்லாத ஒன்றின் நடுவே வாழ்வது எத்தனை அலுப்பானது என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. இருவர் இரசனையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது யாருடைய இரசனையும் அன்று.

ஒரு போகியன்று பரணைத் துடைக்கையில் படம் கீழே வந்தது. மயிலின் காலருகே பூச்சி அரித்திருந்தது. அதற்குரியவர் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார், ஒன்றும் பேசவில்லை. சண்டையிட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

தமிழ் கற்பிப்பவர் அதன் பிறகே அந்தப் படத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தார். கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி, தமிழ் வீடுகளின் சுவர்களுக்குத் தெய்வ முகங்களைத் தந்தவர். அதே பள்ளிக்கு முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர்தாம் 1966-இல் தம் மாணவர்களோடு சோழமண்டலத்தை நிறுவினார். ஒன்றையொன்று சகியாதவை என்று நாங்கள் முடிவுகட்டிய இரு படங்களும் ஒரே பள்ளியின் இரு வாசல்கள் வழியே வெளிவந்தவை.

இங்கே நம் போன்ற சிற்றிதழ் வாசகர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எளிமை, வெற்றிடம், சுடுமண் குதிரை என்பவை பிறவியிலேயே நம்மோடு வந்தவை அல்ல. வகுப்பறைகளும் இதழ்களும் நமக்குக் கற்பித்தவை. தங்கத்தாளும் கண்ணாடிக் கல்லும் பதித்த தஞ்சாவூர் ஓவியத்தின் முன் பயபக்தியோடு நிற்கிறோம். அதே ஆசையோடு ஓர் அம்மா அச்சுப்படத்தில் ஜிகினா ஒட்டினால் முகம் சுளிக்கிறோம். வேறுபாடு கலையில் மட்டும் இருக்கிறதா, விலையிலும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் எல்லா இரசனையும் சமமா என்று கேட்கலாம். இல்லை என்றே கருதுகிறோம். இரசனையைப் பற்றி வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் வீடு மதிப்புரைப் பக்கம் அன்று. இதழில் ஒரு நூலை நிராகரித்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். வீட்டில் ஒரு பொருளை நிராகரிக்கும்போது, அதைச் சுமந்து வந்தவரும் அந்த வீட்டிலேயேதான் உறங்கி எழுகிறார்.

இதற்கான இலக்கணம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாடத்திலேயே இருந்தது. ஒரு திணைக்குரிய ஒழுக்கம் வேறொரு திணையின் நிலத்தில் நிகழ்வதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. இரண்டு நிலங்கள் ஒன்றாய் மயங்குவதை மட்டும் ஏற்கவில்லை. குறிஞ்சியும் நெய்தலும் அருகருகே வரலாம், ஒன்றன் பூ மற்றொன்றில் மலரலாம். இரண்டையும் குழைத்து மூன்றாவதாக ஒரு சாம்பல் நிலம் செய்வது மயக்கம் ஆகாது. நாங்கள் செய்தது அதைத்தான்.

இப்போது சுவரைச் சுண்ணாம்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டோம். புத்தர் தலையைக் கேட்டவருக்குக் கொடுத்தாயிற்று. முருகனும் கோட்டோவியமும் ஒரே சுவரில், நடுவே நான்கடி இடைவெளியோடு இருக்கின்றன. எங்களுக்குள் ஓர் ஏற்பாடும் உண்டு. ஆளுக்கு ஒரு பொருள் வினாவுக்கு அப்பாற்பட்டது. அதைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்லலாம், இடம் மாற்றக்கூடாது. நாற்காலி, திரைச்சீலை, விளக்கு முதலியவற்றை இருவரும் சேர்ந்தே வாங்குகிறோம். ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் வாங்காமல் திரும்புகிறோம். அதனால் இன்னும் திரைச்சீலை இல்லாத சன்னல் ஒன்று இருக்கிறது.

பூச்சி அரித்த மூலையைச் சரிசெய்யவில்லை. மாலையில் குழல்விளக்கு எரியும்போது ஜிகினா மின்னுகிறது. தமிழ் கற்பிப்பவரின் கண்ணை அது இன்றும் சற்று உறுத்தத்தான் செய்கிறது. மற்றவருக்கோ கோட்டோவியத்தில் இருப்பது மாடா மனிதனா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. ஆயினும் அது ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வங்கிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று நேராக்கிவிட்டுப் போகிறார்.