செத்த பேட்டரிக்கு யார் பொறுப்பு?



நெல்லில் புகையான் விழுந்துவிட்டது. நாளைக்குள் மருந்து அடித்தாக வேண்டும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, விடிகாலையில் பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்குகிறோம். இரண்டாவது டேங்குக்கே மோட்டார் முனகுகிறது. மருந்து புகையாய்ப் பரவவில்லை, சொட்டுச் சொட்டாய் ஒழுகுகிறது. சீயமங்கலத்தைச் சுற்றி எந்தத் திண்ணையில் கேட்டாலும் இதே கதைதான். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது பேட்டரி.

மாற்றுவதற்கு செஞ்சிக்குப் போனோம். ஒரு கடையில், "அந்த மாடல் நின்னுபோச்சு, புது மிஷினே வாங்கிக்குங்க" என்றார்கள். இன்னொரு கடையில் பேட்டரி இருந்தது. விலையோ மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு! வாரண்டி கேட்டால், "பேட்டரிக்கெல்லாம் எழுதித் தர மாட்டோம் அண்ணே." பில் கேட்டால் துண்டுச் சீட்டு. பஸ் காசும் போச்சு, ஒருநாள் வேலையும் போச்சு. அதுவரை புகையான் சும்மா இருக்குமா?

மகேந்திரவர்ம பல்லவன் சீயமங்கலத்துப் பாறையில் குடைந்த கோயில் 1,300 வருஷம் தாண்டி நிற்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பேட்டரி இரண்டு பட்டம் தாங்கவில்லை!

உள்ளே அப்படி என்ன பெரிய ரகசியம்? நம் ஸ்பிரேயர்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.சுக்குள் இருக்கிறதே, அதே ஜாதி. வோல்ட், அளவு, ஒயர் மாட்டும் முனை மூன்றும் பொருந்தினால் எந்தக் கம்பெனி பேட்டரியும் ஓடும். "எங்க கம்பெனிதுதான் ஓடும்" என்றால் நம்பாதீர்கள். தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அலமாரியில் ஒரு வருஷம் சார்ஜ் இல்லாமல் கிடந்த ஈய பேட்டரி பாதி செத்த பேட்டரி.

நம் தப்பையும் சொல்லத்தான் வேண்டும். மல்லாட்டைக்கு மருந்து அடித்து முடித்ததும், காலி பேட்டரியோடு மிஷினைக் கொட்டகையில் மாட்டிவிட்டு அடுத்த பட்டத்துக்குத்தான் எடுக்கிறோம். அதற்குள் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடுகிறது. வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். சரி, விற்கும்போது இதை நமக்குச் சொன்னவர் யார்?

லித்தியம் பேட்டரி கதை இன்னும் மோசம். களை வெட்டும் மிஷின், கவாத்துக் கத்தரி, துளை போடும் மிஷின் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஒருத்தன் 18 வோல்ட் என்கிறான், இன்னொருத்தன் 20 என்கிறான். பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் வரிசையாக ஐந்து செல்தான். செல்லுக்கு 3.6 வீதம் 18. முழு சார்ஜில் 20-ஐத் தாண்டும், அதையே பெட்டியில் போட்டுக்கொள்கிறான். மலிவு மிஷின்களில் 48, 88 என்றுகூட ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்! செல் ஒரே ஜாதியாக இருந்தும் ஒருத்தன் பேட்டரி இன்னொருத்தன் மிஷினில் நுழையாது. பள்ளம் வேறு, கொக்கி வேறு. மிஷினை மலிவாய்க் கொடுத்து, பேட்டரியில் காலத்துக்கும் கறக்கிற தந்திரம் இது.

வெளியில் மலிவாய் வாங்கலாம் என்றால் அங்கே போலி. விரல் பருமன் செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருக்கும். நல்ல கம்பெனிகளே அந்த அளவு செல்லில் 3,500 வாக்கில்தான் நிற்கின்றன. சூடேறி உப்பின பேட்டரியைத் தூர வையுங்கள். வீட்டில் பிரித்துப் பற்றவைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அரசு என்ன செய்தது? 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரவேற்கிறோம். ஆனால் ஈய பேட்டரிக்கு 28-லிருந்து 18 ஆனதோடு சரி. டிராக்டர் வாங்க முடியாதவன்தானே மிஷினை முதுகில் சுமக்கிறான்? அவனுக்கு 18 ஏன்?

பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் தலையில் வைத்துள்ளன. நம் ஊரில் யார் வந்து பெற்றார்கள்? இரும்புக் கடைக்காரர்தான் எடை போடுகிறார். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு அதே 2022 ஜூலையில் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது. அது நம் வரப்புக்கு எப்போது வரும்? ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல. விவசாயக் கருவி பேட்டரிக்கு 5 சதவீத வரி போடு! மிஷின் விற்கிறவன் பல வருஷத்துக்கு மாற்றுப் பேட்டரி தர வேண்டும் என்று சட்டம் போடு! ஒரே வோல்ட்டுக்கு ஒரே பொருத்தி கொண்டு வா! தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நல்ல பேட்டரியை நியாய விலைக்கு விற்கச் செய்!

பில் இல்லாமல் இனி யாரும் வாங்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915-க்கு போன் போடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குத் திரண்டு வாருங்கள்! செத்த பேட்டரியையும் பில்லையும் கையோடு எடுத்து வாருங்கள். பில் இல்லாதவர்கள் பேட்டரியையாவது கொண்டு வாருங்கள். மேஜை மீது அடுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.